இட்லித் தட்டில் ஒரு புதிர்

(நெய்வேலி நகரியத்தில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், பெரியவர்களோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். இன்று நான் பேசப்போவது கடைசி வரிசைக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். முன்வரிசைதான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புத்தகம் பேசுகிற இடத்தில் வீடியோ கேம் பற்றிப் பேசலாமா என்று கூட்டம் நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டேன். “பேசுங்க சார், சுடுற கேம் மட்டும் வேண்டாம்” என்றார்கள். நான் எடுத்துக்கொண்ட விளையாட்டிலும் சுடுவது உண்டு. ஆனால் சுடுவது அடுப்பு.

‘வெண்பா’ என்பது அந்த விளையாட்டின் பெயர். தமிழாசிரியர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம். இது ஒரு பெண்ணின் பெயர். 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது. செய்தவர்கள் கனடாவில் டொராண்டோவைச் சேர்ந்த ‘விசை கேம்ஸ்’ என்ற சிறு குழு. வடிவமைத்தவர் அபி என்று அறியப்படுகிற, கனடாவில் வளர்ந்த தமிழர். மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, சிறந்த அறிமுக விளையாட்டு என்ற விருதை இதற்குக் கொடுத்தது. அமெரிக்காவில் சிறு குழுக்களின் விளையாட்டுகளுக்காக நடக்கும் ஐ.ஜி.எஃப். விழாவின் தலைமைப் பரிசும் 2024-இல் இதற்குத்தான். முழுதும் ஆடி முடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகாது. நம் சினிமாவைவிடச் சின்னது.

அதிலும் முதல் இரண்டு கட்டங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மிச்சத்தைச் சொல்லிவிட்டால் இனிமேல் ஆடப்போகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் முக்கியம். எந்த விளையாட்டிலும் பாதி வழி போனபிறகு அதன் சட்டதிட்டங்களுக்குப் பழகிவிடுகிறோம். அப்புறம் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆடுகிறோம். ஆரம்பத்தில் அப்படியில்லை. நம் ஊர், நம் வீடு, அம்மா சொன்னது, பக்கத்து வீட்டில் பார்த்தது எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறோம். அந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே விளையாட்டு உங்களுக்கு ஒன்றாகவும் எனக்கு இன்னொன்றாகவும் ஆகிவிடுகிறது. இதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

சாகச விளையாட்டு என்ற வகை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். சுரங்க ஊரில் இந்தக் கதையைச் சொல்லாமல் போனால் அது குற்றம். ஏனென்றால் அந்த வகை பூமிக்கு அடியில் பிறந்தது. அமெரிக்காவில் வில் கிரௌதர் என்று ஒரு கம்ப்யூட்டர் நிபுணர். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பில் வேலை செய்தவர். அவருக்கு இன்னொரு பித்து: குகைகளுக்குள் ஊர்ந்துபோய் அளந்து வரைபடம் போடுவது. கென்டக்கி மாநிலத்தில் மாமத் குகை இருக்கிறது. உலகத்தில் இதுவரை அளந்த குகைகளிலேயே நீளமானது. அவரும் மனைவி பாட்ரிசியாவும் அங்கே சேர்ந்து வேலை செய்தார்கள். ஃபிளின்ட் ரிட்ஜ் என்ற பக்கத்துக் குகைத்தொகுதியும் மாமத் குகையும் உள்ளுக்குள் இணைந்திருக்கின்றன என்று 1972-இல் கண்டுபிடித்த குழுவில் அந்த அம்மாவும் ஒருவர்.

பிறகு தம்பதி பிரிந்தார்கள். இரண்டு பெண் குழந்தைகள். அவர்களோடு நெருக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று அப்பா ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதினார், 1975–76 வாக்கில். படம் கிடையாது, ஒலி கிடையாது. கம்ப்யூட்டர் எழுத்தில் சொல்லும்: இங்கே இருக்கிறாய், இன்னின்னது தெரிகிறது என்று. நாம் ஒன்றிரண்டு சொற்களைத் தட்டிக் கட்டளை கொடுக்க வேண்டும். வடக்கே போ, விளக்கை எடு, அவ்வளவுதான். 1977-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டான் வுட்ஸ் என்ற இளைஞர் அதைப் பெரிதாக்கினார். ‘அட்வெஞ்சர்’ என்று அதற்குப் பெயர். இந்த வகை முழுவதற்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது.

அதன் தொடக்கத்தை நான் ரொம்ப ரசிக்கிறேன். காட்டோரம் ஒரு செங்கல் கட்டடம், அதிலிருந்து கிளம்பும் ஓடை. கட்டடத்துக்குள் சாவி, விளக்கு, சாப்பாடு, தண்ணீர் பாட்டில். எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. ஓடையோடு இறங்கிப் போனால் தரையில் பூட்டுப் போட்ட இரும்புக் கம்பித் தட்டி. இப்போது சாவி எதற்கென்று புரிகிறது. உள்ளே இறங்கினால் இருட்டு. விளக்கு எதற்கென்று புரிகிறது. விளக்கின் பேட்டரி தீர்ந்துகொண்டே வருகிறது. வெளிச்சமில்லாமல் நடந்தால் பள்ளத்தில் விழுந்து சாவதுதான். கொஞ்ச தூரத்தில் ஒரு பறவை. கையில் கறுப்புக் கோல் இருந்தால் அது மிரண்டு ஒதுங்கும். கோலைக் கீழே வைத்துவிட்டுப் போனால் கூண்டுக்குள் வரும். அந்தச் சின்னப் பறவைதான் பின்னால் வழியை மறிக்கிற பாம்பை விரட்டுகிறது. எல்லாவற்றையும் கையில் தூக்கிக்கொண்டு போகிறவனுக்குப் பறவை கிடைக்காது. இதையெல்லாம் அந்த விளையாட்டு பாடமாகச் சொல்வதேயில்லை. இரண்டு மூன்று தடவை தவறவிட்டால் தானாகத் தெரிந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. கிரௌதர் குகையைக் கற்பனையிலிருந்து எழுதவில்லை. மாமத் குகைத்தொகுதியில் பெட்குவில்ட் என்ற பகுதியை, தான் அளந்தபடியே எழுதினார். பிற்காலத்தில் இந்த விளையாட்டை ஆடிப் பழகிய ஒரு பெண்மணி முதல் தடவையாக அந்த நிஜக் குகைக்குள் போனபோது, அவருக்கு வழி தெரிந்திருந்தது. சாதாரண மாணவன் நாட்கணக்கில் திணறிய இடத்தில், அந்தக் குகையில் ஊர்ந்து போனவர் கண்ணை மூடிக்கொண்டு போவார். ஆக, புதிர் என்பது விளையாட்டுக்குள் மட்டும் இல்லை. ஆடுகிறவர் எந்த ஊர்க்காரர் என்பதிலும் பாதி இருக்கிறது.

நாற்பது வருடங்களாக இந்த வகை விளையாட்டுகளில் நாம்தான் ஊர் தெரியாதவர்கள். குகை அவர்களுடையது, கோட்டை அவர்களுடையது, மந்திரவாதியின் தாடிகூட அவர்களுடையது. நம் ஊர்ப் பையன் அதையெல்லாம் கேட்டுப் பழகி, டிராகனுக்கு எது ஆகாது என்று பாடமாகவே ஒப்பிப்பான். காட்டேரிக்கு எது ஆகாது என்று கேட்டால் பாட்டியைப் பார்ப்பான். நம் பக்கத்து நிலப்பரப்பு விளையாட்டில் வந்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2017-இல் வந்த ‘அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி’ நம் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் நடக்கிறது. ஹொய்சளர் கோயில்கள், பிள்ளையார், யானை, அருவி எல்லாம் கண்ணைப் பறிக்கும். தொடக்கத்தில் வரும் சந்தைத் தெருவில் நின்று வேடிக்கை பார்க்கலாம் போலிருக்கும். ஆனால் அந்தக் கோயிலுக்குள் நாம் போவது புதையல் எடுக்க. செருப்போடு சிலை மேல் ஏறும்போது எனக்கு விரல் ஒரு நொடி நின்றது. அமெரிக்காவில் ஆடுகிறவருக்கு நிற்காது. வித்தியாசம் அந்த ஒரு நொடிதான்.

2020-இல் புனேயைச் சேர்ந்த ‘நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்’ குழு ‘ராஜி’யைக் கொண்டுவந்தது. அதைச் செய்ய 2017-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டப் பார்த்தார்கள், இலக்கை எட்டவில்லை; விடாமல் செய்து முடித்தார்கள். ராஜி என்ற பெண், அவள் தம்பி கோலு, ரக்ஷா பந்தன் நாள், அசுரர்கள் வந்து குழந்தைகளைத் தூக்கிப் போகிறார்கள். துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து பார்த்துக் கதை சொல்கிறார்கள். தோல்பாவைக்கூத்து மாதிரிக் காட்சிகள், ராஜஸ்தான் அரண்மனைகள், சுவர் ஓவியங்கள். பார்க்க அழகு. ஆனால் சொல்வதற்கு இரண்டு தெய்வங்கள் இருக்கும்போது ஆடுகிறவன் தானாகக் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? துர்க்கை திரிசூலம் கொடுத்ததும் அது சண்டை விளையாட்டாகிவிடுகிறது. நம் ஊர்க் கதைதான். ஆனால் நம் ஊர்க்காரன் என்பதால் எனக்குக் கூடுதலாகத் தெரிந்தது என்று எதுவும் அங்கே பயன்படவில்லை.

‘வெண்பா’வில் பயன்பட்டது. அதற்கு வருகிறேன்.

1988, டொராண்டோ. சின்ன வீடு. வெண்பா, கணவன் பாவலன். இருவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். பின்னால் பிறக்கப்போகும் பையனுக்குக் கவின் என்று பெயர். இந்த மூன்று பெயர்களையும் கேட்டவுடனே இந்த அவையில் இருக்கிற அறுபது வயதுக்காரர்கள் ஒரு கணக்குப் போட்டிருப்பீர்கள். மகளுக்கு வெண்பா என்று பெயர் வைத்த அப்பா எந்த மேடைப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவர், எந்தப் பத்திரிகை வாங்கியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். விளையாட்டு அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. மொழியைப் பெயராகவே சூட்டிக்கொண்ட ஒரு குடும்பம், தமிழ் பேசாத ஊரில் பிள்ளை வளர்க்கப்போகிறது என்ற கதை முதல் திரையிலேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் அது தமிழ் ஆளுக்கு மட்டும்.

அந்த வருடமும் யோசித்து வைத்த வருடம். இலங்கையில் 1983-க்குப் பிறகு ஈழத்தமிழர்கள் கனடாவுக்கு வரத் தொடங்கிய காலம் அது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை அந்த ஊர் மீனவர்கள் காப்பாற்றினார்கள். இன்றைக்கு டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் போனால் முருங்கைக்காயும் கிடைக்கும், மூலைக்கு மூலை தமிழ்ப் பலகையும் தெரியும். 1988-இல் அப்படி இருந்திருக்காது. வெண்பாவின் சமையலறை அந்தக் காலத்துத் தனிமைக்குள் இருக்கிறது.

வெண்பாவுக்கு உடம்பு முடியவில்லை. ஆனாலும் கணவன் வேலைக்குக் கொண்டுபோக இட்லி வைத்துக்கொடுக்க எழுந்திருக்கிறாள். வேண்டாம் என்கிறான், கேட்கமாட்டாள். ரேடியோவைப் போட்டால் பாட்டு வருகிறது, அந்தக் காலத்துத் திரைப்பாட்டின் சாயலில் புதிதாகக் கட்டிய பாட்டு. பிறகு அம்மா கொடுத்த சமையல் நோட்டைத் திறக்கிறாள். நோட்டு பழசு. சில இடத்தில் கிழிந்திருக்கிறது, சில இடத்தில் எழுத்து அழிந்திருக்கிறது. அழிந்த வரி என்னவாக இருக்கும் என்று நாம் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். புதிர் அதுதான். வாள் இல்லை, சாவி இல்லை, நேரம் ஓடிக்கொண்டிருப்பதாகக் கடிகாரம் இல்லை.

முதல் புதிர் இட்லித் தட்டு. அடுக்குத் தட்டு, ஸ்டாண்டு என்போமே அது. மாவை ஊற்றிவிட்டோம், தட்டுகளை எப்படி அடுக்குவது? நோட்டில் அந்த இடம் தெளிவாக இல்லை. முன்வரிசையில் அம்மாக்கள் சிரிப்பது தெரிகிறது. குழி மேல் குழி வரக்கூடாது. ஒரு தட்டில் குழி இருக்கும் இடத்துக்கு மேலே அடுத்த தட்டின் துளைப் பக்கம் வர வேண்டும். அப்போதுதான் ஆவி ஏறும். உப்பி வருகிற இட்லிக்கும் தலை இடிக்காது. மாற்றி அடுக்கினால் சப்பட்டையாக வரும். இந்த அறிவை யாரும் உங்களுக்கு உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லை. அம்மா அடுக்கும்போது நின்று பார்த்திருப்பீர்கள், ஒரு தடவை தப்பாக அடுக்கி வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

உலகம் முழுக்க இந்த விளையாட்டை ஆடியவர்களுக்கு இது ஒரு புதிர். தட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள், துளை எதற்கு என்று யோசிப்பார்கள், தப்பாக அடுக்குவார்கள், வெண்பா வருத்தப்படுவாள், மறுபடி அடுக்குவார்கள். எனக்கு இருபது விநாடி. மௌஸைப் பிடித்த கை தானாகத் தட்டைத் திருப்பியது. அப்போதுதான் உறைத்தது: இத்தனை வருடம் விளையாட்டுகளில் நான் குகையைப் பார்க்காத மாணவனாக இருந்தேன், இங்கே நான் பெட்குவில்ட்டில் ஊர்ந்தவன்.

சரி, விடை தெரிந்துவிட்டால் விளையாட்டில் சுவாரசியம் போய்விடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. புதிராக அது எனக்குச் செத்துப்போனது உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் வேறொரு கேள்வி முளைத்தது. இட்லி அடுக்கத் தெரியாத தமிழ்ப் பெண்ணா? இவளுக்கு ஏன் நோட்டு வேண்டும்? தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை இவள் ஏன் காகிதத்தில் தேடுகிறாள்? கனடாக்காரர் இதைக் கேட்கமாட்டார்; அவருக்கு நோட்டுப் பார்த்துச் சமைப்பது இயல்பு. நாம்தான் கேட்போம். கேட்டால் பதிலும் கிடைக்கிறது. பக்கத்தில் அம்மா இருந்தவரை அவள் அடுக்க வேண்டியிருக்கவில்லை. சமையலறைக்குள் நின்று பார்க்கிற காலத்தில் அவள் படித்துக்கொண்டிருந்தாள்; அவள் ஆசிரியை. வெண்பாவை மணம் முடித்து விமானம் ஏற்றியபோது அவள் அம்மா, சொல்லித்தர நேரமில்லாததை எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இது நானாகக் கட்டிக்கொண்ட கதை. ஆனால் விளையாட்டு அதற்கு இடம் விட்டிருக்கிறது.

இந்த ஊருக்குச் சமையலறையோடு நல்ல உறவு உண்டு. இங்கே நிலக்கரியைக் கரித்துண்டுகளாக்கி ‘லெகோ’ என்று விற்றார்கள். தமிழ்நாட்டில் கேஸ் சிலிண்டர் எட்டாத எத்தனையோ வீடுகளில் லெகோ அடுப்பு எரிந்தது. நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு தமிழ் வீட்டில் ஆவி பறந்த இட்லிக்குப் பின்னால் நம் மண் இருந்திருக்கலாம். வெண்பா அடுப்பைத் திருகியதும் நீலச் சுடர் வரும்போது எனக்கு அந்த ஞாபகம் வந்தது. விளையாட்டில் அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

இட்லி வெந்தபிறகு உரையாடல். உடம்பு முடியாததற்குக் காரணம் தெரிகிறது: அவள் கர்ப்பமாக இருக்கிறாள். இங்கேயே இருப்பதா, ஊருக்குத் திரும்புவதா என்று இருவரும் பேசுகிறார்கள். வெண்பா என்ன சொல்ல வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் எதைத் தேர்ந்தாலும் கதை போகிற பக்கம்தான் போகிறது. விமர்சகர்கள் சிலருக்கு இது குறை. தேர்வு கொடுத்துவிட்டு அதற்குப் பலன் கொடுக்காவிட்டால் எதற்கு என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வெளிநாட்டில் இருக்கிற தம்பி தங்கைகளோடு போனில் பேசியவர்களுக்குத் தெரியும். “அடுத்த வருஷம் வந்துடுவோம்” என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார்கள். விதவிதமாகச் சொல்வார்கள். சொல்கிற விதம்தான் அவர்கள் கையில் இருக்கிறது. வெண்பாவுக்கும் அவ்வளவுதான் கொடுத்திருக்கிறார்கள், நமக்கும் அவ்வளவுதான்.

இப்போது இரண்டாவது கட்டம். கவின் பிறந்து வளர்ந்துவிட்டான். பள்ளிக்கூடம் போகிற வயது. தமிழில் பேசு என்றால் இழுக்கிறான், ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். வெண்பா புட்டு செய்கிறாள். பையனையும் கூட வைத்துக்கொண்டு செய்கிறாள். அடுப்பின் மேல் தண்ணீர்க்குடம், அதன் மேல் நிற்கும் புட்டுக்குழல்.

இங்கே நான் நின்றுவிட்டேன். ஏனென்றால் கடலூர் ஜில்லாக்காரனுக்குப் புட்டு என்றால் அது உதிரியாக இருக்கும். மாவை வறுத்து, தண்ணீர் தெளித்துப் பிசறி, துணியில் வைத்து அவித்து, வெல்லமும் தேங்காயும் போட்டுக் கிளறுவது. வந்திக் கிழவிக்காக மதுரையில் சிவபெருமான் மண் சுமந்து வாங்கித் தின்ற பிட்டுகூட உதிர்ந்த பிட்டுதான். குழலில் அவிப்பது கன்னியாகுமரிப் பக்கம், கேரளம், யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்தில் பனையோலையில் முடைந்த நீத்துப்பெட்டியும் உண்டு. இதெல்லாம் எனக்குக் கேள்விஞானம். குழலுக்குள் முதலில் எது, பிறகு எது என்று கேட்டால் கை தானாகப் போகவில்லை. சற்றுமுன் குகை தெரிந்தவனாக இருந்தவன் மறுபடி வாசலில் நிற்கிறேன்.

காப்பாற்றியது நெய்வேலி. இந்த நகரியத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு வட்டத்தில் ஒரே தெருவில் கொல்லம், குண்டூர், கும்பகோணம் எல்லாம் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் இருக்கும். எந்த வீட்டில் இன்றைக்கு என்ன என்று ஜன்னல் வழியே தெரியும். மலையாளி வீட்டில் குழலிலிருந்து குச்சியால் தள்ளும்போது முழுசாக வெளியே வருகிற புட்டைச் சின்ன வயதில் பார்த்த ஞாபகம். அடியில் முதலில் துளை போட்ட சில்லு. இல்லாவிட்டால் மாவு அத்தனையும் குடத்துத் தண்ணீரில். அதன் மேல் தேங்காய்ப்பூ, பிறகு மாவு, மறுபடி தேங்காய்ப்பூ. அம்மாவிடம் பார்த்ததில்லை, அண்டை வீட்டில் பார்த்தது. முதல் புதிருக்கு வீடு உதவியது, இரண்டாவதற்குத் தெரு.

விளையாட்டைச் செய்தவர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தமிழ் ஆளுக்கு இட்லி எளிது என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? முதலில் நமக்கு மிதப்பைக் கொடுத்துவிட்டு, அடுத்ததில் ‘எந்தத் தமிழ்?’ என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. தமிழ்ச் சமையல் என்று வெளிநாட்டில் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே திருநெல்வேலியும் தஞ்சாவூரும் யாழ்ப்பாணமும் ஒன்றையொன்று நோட்டுப் பார்த்துத்தான் சமைக்க வேண்டும். அதோடு கவினும் இருக்கிறான். அவனுக்கு இட்லித் தட்டும் புதிர், புட்டுக்குழலும் புதிர், அம்மா பேசுகிற மொழியும் புதிர். புட்டு செய்கிற அந்தக் கொஞ்ச நேரம் அவனும் நானும் ஒரே நிலையில் நின்றோம். விளையாட்டு போகப்போக அந்தப் பையன் மேல் எனக்கு வந்த பரிவுக்கு அஸ்திவாரம் அங்கே விழுந்தது.

கிரௌதர், பிரிந்திருந்த பெண்களுக்காக ஒரு குகையை எழுதினார். ‘வெண்பா’, வளர்ந்த பிள்ளைகள் அம்மா அப்பாவுக்காக எழுதியது போலிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஐம்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் வந்த ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் ராஜ்ஜியத்தைக் காப்பாற்றவும் உலகத்தைக் காப்பாற்றவும் நம்மை அனுப்பின. இவை இரண்டும் ஒரு வீட்டுக்குள் பேச்சு நின்றுபோகாமல் இருக்க எழுதப்பட்டவை. அதனால்தானோ என்னவோ இரண்டிலும் தொடக்கம் அவ்வளவு அடக்கமாக இருக்கிறது: அங்கே ஒரு விளக்கும் சாவியும், இங்கே ஒரு நோட்டும் தட்டும்.

கடைசியாக, கடைசி வரிசைக்கு ஒரு வேலை. நெய்வேலியை வைத்து ஒரு சாகச விளையாட்டு செய்தால் அதை எங்கே தொடங்குவீர்கள்? ராட்சதச் சக்கரத்தில் வாளிகளைக் கோத்துச் சுழலும் அந்த எந்திரத்திலிருந்துதான் என்பீர்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அது நடுக்கட்டம். 1957 மே 20-இல் நேரு வந்து சுரங்க வெட்டைத் தொடங்கிவைத்தார். நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நாலு வருடம் மேல்மண்தான். அந்த நாலு வருடத்தையும் ஆட வைக்கச் சொல்லவில்லை. ஆனால் அதைத் தாண்டி எகிறிக் குதித்துத் தொடங்கினால் வெளியூர்க்காரருக்கு இது வெறும் எந்திரப் படமாகிவிடும்.

யாருடைய கையில் கொடுத்துத் தொடங்குவது என்பது இன்னும் சிக்கல். எஞ்சினியர் கையில் கொடுத்தால் ஒரு விளையாட்டு. நிலம் கொடுத்த குடும்பத்தின் கையில் கொடுத்தால் வேறு விளையாட்டு. ‘வெண்பா’ வெளியான ஜூலைக் கடைசியில்தான் மேல்வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் கால்வாய் வெட்டும் எந்திரங்கள் இறங்கின, ஊரே கொதித்துப்போனது. சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுப்பாதை வெட்டுகிற வேலை அது. அந்த வயலின் வரப்பில் நிற்கிற ஆளாக விளையாட்டைத் தொடங்கினால், கையில் என்ன பொருள் இருக்கும்? நோட்டீஸா, அரிவாளா, பட்டாவா? இதைச் செய்கிறவர் தீர்மானித்துத்தான் ஆக வேண்டும். நடுநிலையாகத் தொடங்க வழியில்லை.

என்னைக் கேட்டால் இன்னும் பின்னால் போவேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் ஊற்றுக்கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக என்னவோ வந்தது என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த வீட்டில் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆடுகிறவர் அவள்தான். தானாகப் பொங்கி வருகிற தண்ணீரைக் குடத்தில் பிடிக்கிறாள். தண்ணீர் தெளிந்ததும் அடியில் கறுப்புப் பொடி. திரையில் குடம் இருக்கிறது, முற்றம் இருக்கிறது, சமையலறையில் விறகு ஈரமாக இருப்பதால் பற்றாத அடுப்பு இருக்கிறது. எந்தத் தெய்வமும் மேலிருந்து பேசாது. பொடியை வாசலில் கொட்டலாம், மருந்தென்று எடுத்து வைக்கலாம், பெரியவர்களிடம் காட்டலாம். வெயிலில் காயவைத்து அடுப்பில் போடலாம் என்று டொராண்டோவில் ஆடுகிற பையனுக்கு எப்போது தோன்றும்? மெயின் பஜாரில் சைக்கிள் ஓட்டுகிற பையனுக்கு இருபது விநாடி.

பற்றிக்கொண்டால் முதல் கட்டம் முடிந்தது. இரண்டாம் கட்டத்தில் தோண்டத் தொடங்கினால் கீழேயிருந்து தண்ணீர் அழுத்தும். நிலக்கரிப் படுகைக்கு அடியில் இருக்கிற ஊற்றின் அழுத்தம் அது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு போட்டு இரவும் பகலும் இறைத்தால்தான் வெட்ட முடியும். இன்றைக்கும் இறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் புதிரைப் போட வேண்டியவர்கள் சுரங்கத்தில் மூன்று ஷிப்டும் பார்த்தவர்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருப்பார். பம்பு எத்தனை, எங்கே வைப்பது, ஒன்று நின்றால் எவ்வளவு நேரத்தில் தண்ணீர் ஏறும் என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.